பாதி ரோட்டில் நின்ற மழை

பள்ளிக்கூடங்களுக்கு மழை விடுமுறை என்று விடியும் முன்பே டி.வி.யில் ஓடிவிட்டது. விடிந்து பார்த்தால் வெயில்.

ஏதோ சோகையான வெயில் இல்லை. கழுவித் துடைத்து வைத்தது போல வானம். மாதா கோயில் கோபுரத்துச் சிலுவை கண்ணைக் கூச வைத்தது. ஐப்பசி பிறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது; இரண்டு நாளாக விடாமல் பெய்த மழை எங்கே போனதென்று தெரியவில்லை.

எங்கள் ஊர் பாபநாசத்துக்குப் பக்கம். மாதா கோயிலில் ஆரம்பித்து கிழக்கே வாய்க்கால் மதகு வரை ஒரே நேராக ஒரு தார் ரோடு போகிறது. குறுவை அறுத்துவிட்டால் அது ரோடு இல்லை, களம். அன்று காலையில் அதன் ஓரம் நெடுக நெல் குவியல்கள், தார்ப்பாய் போர்த்திக்கொண்டு வரிசையாகப் படுத்திருந்தன.

எங்கள் குவியல் மேற்குக் கோடியில், டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்தில் இருந்தது. தார்ப்பாயைத் தூக்கி உள்ளே கையை விட்டேன். முழங்கை வரை போனதும் சுட்டது. ஈரநெல்லை மூடி வைத்தால் அது தனக்குத்தானே வேகும். இன்னும் ஒரு நாள் மூடியே வைத்தால் முளை விட்டுவிடும். திறந்து காயப்போட்டு, அதன்மேல் மழை விழுந்தால் அது இன்னும் மோசம். ஈரம் அதிகமிருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். நாலு மா குத்தகை நிலத்தின் குறுவை முழுவதும் அந்த ஒரு குவியலில்தான் இருந்தது.

கிழக்குக் கோடியில் கோவிந்தராசு அண்ணன் ஏற்கெனவே எல்லாவற்றையும் ரோட்டில் கொட்டிப் பரப்பிக்கொண்டிருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். சொந்த நிலம், பையன் சிங்கப்பூரில். அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"என்ன சேவியர், இன்னும் நெல்லுக்கு முக்காடு போட்டு வச்சிருக்க?"

"மழை வருமோன்னு பாக்குறேண்ணே."

"கலெக்டர் லீவு விட்டாச்சுல்ல. இனிமே ஒரு பொட்டு விழாது. என்னைக்காவது லீவு விட்ட அன்னைக்கி மழை பேஞ்சிருக்கா? பிரிச்சுக் கொட்டு."

பக்கத்துக் குவியல்காரர்களும் சிரித்தபடி அதையே சொன்னார்கள். எங்கள் பக்கத்தில் இது வேடிக்கைப் பேச்சாக ஆரம்பித்து எப்போதோ சட்டமாகிவிட்டது. லீவு விட்டால் வெயில் அடிக்கும். நம்பி நெல் காயப்போடுகிற அளவுக்குச் சட்டம்.

என் மகள் ஜெனி தலைகூடப் பின்னாமல் வந்து நின்றாள். ஒன்பதாம் வகுப்பு. கையில் ரிப்பன் கட்டிய குச்சி. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்க்க அவர்கள் டீச்சர் செய்யச் சொன்னது. ரிப்பன் அசையாமல் தொங்கியது.

"பாப்பா, மழை வருமா?"

அவள் குச்சியைப் பார்த்தாள், கிழக்கே பார்த்தாள்.

"வரலாம்ப்பா."

அதைக் கேட்டதும் எனக்கு எரிச்சலாக வந்தது. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். அதுவரை நெல் மூடியபடியே இருக்கட்டும்.

மூன்று தார்ப்பாய்க்காரன்

விவசாயம் போக, எரிந்த மோட்டாருக்குக் காயில் கட்டுவதும் என் தொழில். அதைப் பற்றி நான் முன்பு எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருந்தார்: வேலை முடித்துக் கொடுத்த மோட்டாரைத் திரும்பப் போய்ப் பார்க்கிற பழக்கம் உங்களுக்கு உண்டா என்று. எப்படிக் கண்டுபிடித்தாரோ. உண்டு. சாப்பிட உட்கார்ந்த பிறகு எழுந்து போய்ப் பார்த்ததும் உண்டு.

நான் கவலைப்படுகிறவன். ஒரு தார்ப்பாய் வேண்டிய இடத்துக்கு மூன்று வைத்திருப்பேன். ஒன்று நெல்லுக்கு, ஒன்று அந்தத் தார்ப்பாய் கிழிந்தால், மூன்றாவது எதற்கென்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது. போனில் வானிலை பார்க்க மூன்று ஆப். ஒன்று மழை என்கிறது, ஒன்று வெயில் என்கிறது, மூன்றாவது எப்போது பார்த்தாலும் ஒரு மேகத்தையும் பாதிச் சூரியனையும் காட்டிக்கொண்டு சும்மா இருக்கிறது.

"மூணு பேருகிட்ட கேட்டுட்டு நாலாவதா என்னையும் கேப்பீங்க. நான் சொல்றதையும் கேக்கமாட்டீங்க," என்பாள் என் மனைவி ரெஜினா. அவள் படுத்தால் தூங்கிவிடுவாள். இந்தக் குணத்தை நான் பொறாமையோடு பார்த்திருக்கிறேன்.

மேகம் கறுத்தால் ஜெனியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப மாட்டேன். வழியில் வாய்க்கால் பாலம் இருக்கிறது, அதன் கைப்பிடிச் சுவர் ஒரு பக்கம் உடைந்திருக்கிறது. சில நாள் அனுப்பிவிட்டு, இடி இடித்ததும் நானே போய்ப் பாதியில் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன். மழைக்காலம் முழுவதும் இதே கதை.

அவர்கள் டீச்சர் கலைச்செல்வி. தஞ்சாவூரிலிருந்து ஸ்கூட்டியில் வருகிறவர். சமூக அறிவியல் எடுக்கிறார். ஒருமுறை போன் செய்தார்.

"ஜெனி அப்பாங்களா? கலெக்டர் விடுற லீவோட நீங்களும் தனியா லீவு விடுறீங்க போலயே."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

மோட்டார்கள் தண்ணீர் குடித்த வருடம்

நானும் அதே பள்ளிக்கூடம்தான். அதே ஒன்பதாம் வகுப்பு.

அந்த வருடம் குடமுருட்டி ஆற்றின் கரை உடைந்து ஊருக்குள் தண்ணீர் வந்தது. ஒருநாள் மத்தியானம் மணி அடித்து, மழை லீவு, எல்லோரும் வீட்டுக்குப் போங்கள் என்றார்கள். பையைத் தலையில் வைத்துக்கொண்டு, தண்ணீரை எற்றியபடி குஷியாகப் போனோம்.

மறுநாள் எங்கள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். திரும்பவும் அதே பள்ளிக்கூடத்துக்குத்தான் போனோம், தங்குவதற்கு. எங்கள் வகுப்பறையில் நாலைந்து குடும்பங்கள். பெஞ்சுகளை ஓரமாக அடுக்கியிருந்தார்கள். நான் கரும்பலகைக்கு நேர் கீழே படுத்தேன். அதில் ஒரு கணக்கு பாதியில் நின்றிருந்தது. கணக்கு வாத்தியார் 'ஆகவே' என்று எழுதிவிட்டு மணி அடித்ததும் போயிருந்தார். சுண்ணாம்பு வாடை, ஈரத்துணி வாடை, அண்டாவில் கிண்டிய புளிச்சோற்று வாடை. இன்றைக்கும் புளிச்சோறு சாப்பிட்டால் எனக்கு அந்த 'ஆகவே' ஞாபகம் வரும்.

தண்ணீர் வடிந்தபோது ஊரில் இருந்த பம்புசெட் மோட்டாரெல்லாம் தண்ணீர் குடித்துக் கிடந்தன. பாபநாசத்தில் காயில் கட்டும் கடையில் ஆள் போதவில்லை. "பையன கொஞ்ச நாளைக்கு அனுப்பி வைங்க" என்று கடைக்காரர் அப்பாவிடம் கேட்டார். எங்களுக்கு வீட்டுச் சுவர் ஒன்று போயிருந்தது, அப்பா அனுப்பினார். மோட்டார்கள் வந்துகொண்டே இருந்தன. பள்ளிக்கூடம் திறந்ததை யாரோ சொல்லித்தான் கேள்விப்பட்டேன்.

யாரும் என்னைப் போகக் கூடாது என்று சொல்லவில்லை. மழை லீவில் வந்தவன் திரும்பிப் போகவில்லை, அவ்வளவுதான்.

பரீட்சைக்கு வரும் மழை

விடுமுறை அன்றைக்குச் சில வாரங்கள் முன்னால் நடந்தது இது. ஜெனி குடையை மறந்து போய்விட்டாள். வெயில் நாள்தான். இருந்தாலும் கொடுத்துவிட்டு வரலாமே என்று போனேன்.

வகுப்பில் யாரும் இல்லை. எல்லோரும் வேப்பமரத்தடியில் இரண்டு கூட்டமாக நின்றிருந்தார்கள். ஒரு கூட்டம் குளிர்காற்று, இன்னொரு கூட்டம் வெப்பக்காற்று. குளிர்காற்றுக் கூட்டத்தில் ஒரு பையனுக்கு மட்டும், மாமா லண்டனிலிருந்து அனுப்பிய கம்பளிக் கோட்டை மாட்டிவிட்டிருந்தார்கள். புரட்டாசி வெயிலில் குளிர்காற்றுக்கு வேர்த்து ஊற்றியது.

டீச்சர் என்னைப் பார்த்துவிட்டார்.

"ஜெனி அப்பாதானே? வாங்க வாங்க. நல்ல உயரமா இருக்கீங்க. இங்க நடுவுல கொஞ்சம் நில்லுங்க, சார்."

அந்தப் பள்ளிக்கூடத்தில் என்னை சார் என்று யாரும் கூப்பிட்டதில்லை. போய் நின்றேன்.

பாடத்தின் பெயர் வளிமுகம். குளிர்ந்த காற்று ஒரு பெரிய கூட்டமாக வருகிறது, சூடான காற்று இன்னொரு கூட்டமாக. இரண்டும் சட்டென்று கலந்துவிடாது. முட்டிக்கொண்டு நிற்கிற அந்த எல்லைதான் முகம். அன்றைக்கு எல்லை நான்.

"குளிர்ந்த காத்து கனம். தரையோட தரையா வரும். குனிஞ்சு வாங்கடா. சூடான காத்து லேசு. அது மேல ஏறும். பெஞ்சு மேல ஏறு, ஏறு. ஏறினா என்ன ஆகும்? அதுல இருக்கிற ஈரம் குளிர்ந்து மேகமாகும். மழை எங்க பெய்யும்?"

"முகத்துல டீச்சர்."

"அப்ப ஊத்துங்க."

ஒரு பெண் பெஞ்சின் மேலிருந்து ஒரு சொம்பு தண்ணீரை என் தலையில் ஊற்றினாள். ஜெனி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என் கையில் மடக்கிய குடை.

கம்பளிக் கோட்டுப் பையன் கேட்டான். "டீச்சர், இது நம்ம ஊருக்கு எப்ப வரும்?"

"நம்ம ஊருக்கு வராது. இது குளிர்ப் பிரதேசத்துச் சமாச்சாரம்."

"அப்ப ஏன் டீச்சர் படிக்கிறோம்?"

"பரீட்சைக்கு வரும்." எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு, "பெரியவனாகி உங்க மாமா ஊருக்குப் போவல்ல, அங்கயும் வரும்," என்றார்.

பிறகு நம்முடைய மழைக்கு வந்தார். தரையில் சுண்ணாம்புத் தூளால் வங்காள விரிகுடாவை வரைந்தார். நடுவில் ஒரு குடத்தை வைத்தார். அதுதான் காற்றழுத்தத் தாழ்வு. கரையில் ஒரு செங்கல், அது நாங்கள். பிள்ளைகள் எல்லோரும் காற்று. குடத்தை இடது பக்கமாகச் சுற்றி ஓட வேண்டும். ஓடினார்கள். பார்த்தால், செங்கல்லைத் தாண்டுகிறவர்கள் எல்லோரும் வடக்கிலிருந்து தெற்கே ஓடுகிறார்கள்.

"இதான் நம்ம ஊரு வாடைக் காத்து," என்றார் டீச்சர்.

வாடை அடித்தால் மழை என்று எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அது கடலில் ஒரு குடத்தைச் சுற்றிக்கொண்டு வருகிறது என்று தெரியாது. சொட்டச் சொட்ட நின்றபடியே கையைத் தூக்கினேன். தூக்கிய பிறகுதான் கவனித்தேன்.

"அப்ப வாடை அடிச்சா மழை நிச்சயமா டீச்சர்?"

"நிச்சயம்னு சொல்ல மாட்டேன் சார். வரலாம்."

"லீவு விடுறாங்களே, அன்னைக்கி?"

"அது பிள்ளைங்க பத்திரத்துக்காக மாவட்டம் முழுசுக்கும் விடுறது. மாவட்டம் முழுக்க ஒரே மாதிரியா மழை பெய்யும்? எங்கயாவது பெய்யும்."

கவலைப்படுகிறவனிடம் போய் 'எங்கயாவது' என்று சொல்லலாமா. நான் குடையைக் கொடுத்துவிட்டு, அதையே நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மூன்றாவது கொட்டாங்கச்சி

பிள்ளைகளுக்கு மழையைப் பற்றித் தெரிந்துகொள்ள ஒரே காரணம் லீவு. டீச்சர் அதையே பிடித்துக்கொண்டார். வகுப்பு ஜன்னலில் இரண்டு கொட்டாங்கச்சி வைத்தார். ஒன்று 'வரும்', இன்னொன்று 'வராது'. தினம் ஒருமுறை ஆளுக்கொரு கூழாங்கல் போட வேண்டும். அடுத்த நாள் யார் சொன்னது சரி என்று பார்ப்பார்கள். லீவு ஆசையில் எல்லாக் கல்லும் 'வரும்' கொட்டாங்கச்சியிலேயே விழுந்ததாம். வானம் இவர்கள் ஆசையைக் கண்டுகொள்ளவில்லை.

அப்புறம் மூன்றாவது கொட்டாங்கச்சி வந்தது. 'வரலாம்'. அதில் போட்டால் தோற்கவே முடியாது என்று மறுநாளே மொத்த வகுப்பும் அதற்குத் தாவிவிட்டது.

உடனே டீச்சர் ஒரு விதி போட்டார். மூன்றாவதில் கல் போடுகிறவர்கள் சும்மா போடக் கூடாது. வரலாம் என்றால் நீ என்ன செய்வாய் என்று சொல்லிவிட்டுத்தான் போட வேண்டும்.

ஜெனி இதைச் சாப்பிடும்போது எங்களிடம் நடித்துக் காட்டினாள். ஒருத்தி குடை எடுத்துக்கொண்டு வருவேன் என்றாளாம். ஒருத்தி, அம்மாவை வற்றல் போட வேண்டாமென்று சொல்வேன் என்றாளாம். கம்பளிக் கோட்டுப் பையன், "ஒண்ணும் பண்ண மாட்டேன் டீச்சர், நனைவேன்" என்றானாம். "அதுவும் ஒரு முடிவுதான், போடு" என்றாராம் டீச்சர்.

ரெஜினா எனக்குக் குழம்பு ஊற்றியபடி சொன்னாள். "உங்கப்பாவுக்கு எப்பவுமே அந்த மூணாவது கொட்டாங்கச்சிதான். ஆனா கல்லப் போட மாட்டாரு. கையிலயே வச்சுக்கிட்டு நிப்பாரு."

ஜெனிக்குப் புரையேறும் அளவுக்குச் சிரிப்பு. நான் சிரிக்கவில்லை. குழம்பில் உப்பு சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்ததாக ஞாபகம்.

மழைக்கு ஒத்திகை

ரோட்டுக்குத் திரும்புகிறேன். நெல் இன்னும் மூடித்தான் இருக்கிறது. உள்ளே சூடு ஏறிக்கொண்டிருக்கிறது.

"வரலாம்ப்பா," என்றவள் நிறுத்தவில்லை. "வரலாம்னா என்ன பண்ணுவீங்க? அதச் சொல்லுங்க."

"என்ன பண்றது? பாத்துக்கிட்டு நிக்க வேண்டியதுதான்."

"அது பதில் இல்லப்பா. நனைவேன்னு சொன்னாக்கூட டீச்சர் ஒத்துக்குவாங்க."

ரெஜினா கூடையோடு வந்து சேர்ந்தாள். மூன்று பேரும் குவியலைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"பரப்பினா எவ்வளவு நேரத்துல அள்ளலாம்?" என்று ஜெனி கேட்டாள்.

"தெரியல."

"தெரியலன்னா அள்ளிப் பாத்துடலாம்."

அப்படித்தான் அந்த ஒத்திகை ஆரம்பித்தது. நெல்லை நேராக ரோட்டில் கொட்டாமல், ஒரு தார்ப்பாயை விரித்து அதன்மேல் பரப்பினோம். கிழக்கே மதகுக்கு அந்தண்டை ஒற்றைப் பனைமரம் ஒன்று உண்டு. மழை வரும்போது முதலில் அந்தப் பனை மறையும். பனை மறைந்தது என்று ஜெனி கத்தினால், நாங்கள் நாலு மூலையையும் மடித்து நெல்லை நடுவில் சேர்த்துக் கட்ட வேண்டும்.

"பனை போச்சு," என்று ஜெனி கத்தினாள். நட்டநடு வெயிலில் பனை நன்றாகவே தெரிந்தது.

முதல் தடவை ரெஜினா ஒரு பக்கமாக இழுத்தாள், நான் வேறு பக்கம் இழுத்தேன். பாதி நெல் ரோட்டில். தூரத்தில் கோவிந்தராசு அண்ணன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஏம்ப்பா சேவியர், வராத மழைக்கு ரிகர்சலா? டிக்கெட் எவ்வளவு?"

"உங்க மழைக்கும் சேத்துதாண்ணே. உங்களுக்கு ஓசி," என்றாள் ரெஜினா.

இரண்டாவது தடவை சரியாக வந்தது. குவியலில் பாதியைத்தான் அப்படி அள்ள முடியும் என்றும் தெரிந்தது. ஆகவே பாதியைப் பரப்பினோம். மீதிப் பாதியைச் சாக்கால் மூடி, ஆவி போக உச்சியில் மட்டும் கொஞ்சம் திறந்துவிட்டு, மழை வந்தால் மேலே போட இரண்டாவது தார்ப்பாயை மடித்து வைத்தேன். மூன்றாவது சைக்கிள் கேரியரில் இருந்தது.

ஊரில் பாதி மட்டும் பரப்பியவன் நான் ஒருவன்தான். மற்றவர்கள் முழுசாகப் பரப்பியிருந்தார்கள். வெயிலும் அவர்கள் பக்கம்தான் இருந்தது.

நான் நெல்லுக்குள் காலை இழுத்து இழுத்து நடந்து கிளறிவிட்டேன். காலையில் சத்தமே போடாத நெல் உச்சிக்குப் பிறகு சலசலக்க ஆரம்பித்தது. பாதம் இளஞ்சூடாக இருந்தது. ஒரு விஷயம் கவனித்தேன். காலையிலிருந்து போனை எடுக்கவே இல்லை. என்ன செய்வது என்று தெரிந்துவிட்டதால், வருமா வராதா என்பதைக் கொஞ்ச நேரம் வானத்திடமே விட்டுவைத்திருந்தேன் போலிருக்கிறது.

ஓரம்

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ரிப்பன் அசைந்தது. முதலில் சும்மா ஆடியது. பிறகு ஒரே பக்கமாக நீண்டு நின்றது.

"அப்பா," என்றாள் ஜெனி. இந்தத் தடவை கத்தவில்லை. "பனை போச்சு."

பனை இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு திரை. மூலையைப் பிடித்தோம், மடித்தோம், சேர்த்தோம், கயிறு போட்டோம். மூடியிருந்த குவியலின் மேல் இரண்டாவது தார்ப்பாயையும் இழுத்துவிட்டோம். நிமிர்ந்தபோது மழை மதகைக்கூட எட்டவில்லை.

கிழக்குக் கோடியில் கோவிந்தராசு அண்ணனும் அவர் மனைவியும் மட்டும் வாரிக்கொண்டிருந்தார்கள். ரோட்டில் நீளத்துக்குப் பரப்பிய நெல். இரண்டு பேரால் ஆகிற காரியம் இல்லை. பக்கத்தில் இருந்தவர்கள் அவரவர் நெல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு எங்கள் தார்ப்பாயில் ஒரு பொத்தல் இருப்பது ஞாபகம் வந்தது. காற்று தூக்கினால்? மூன்றாவதை அதன்மேல் போட்டுவிட்டால் நிம்மதி. கை கேரியருக்குப் போய்விட்டது.

"நான் இதப் பாத்துக்குறேன், போங்க," என்றாள் ரெஜினா.

மூன்றாவது தார்ப்பாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். ஜெனி பின்னால் கூடையோடு. அதுவரை மழைக்கு எதிர்ப்பக்கம் ஓடித்தான் எனக்குப் பழக்கம். மழையை நோக்கி ஓடும்போது அதன் சத்தம் வேறு மாதிரி இருந்தது. தூரத்தில் யாரோ பெரிய முறத்தில் புடைப்பது போல.

நாங்கள் போய்ச் சேர்ந்ததும் முதல் துளி. வாரினோம், தள்ளினோம், தார்ப்பாயைப் போட்டு அதன் ஓரத்தில் நானும் அண்ணனும் உட்கார்ந்துவிட்டோம். முக்கால்வாசி உள்ளே வந்துவிட்டது. மீதி எங்கள் கண்ணுக்கு முன்னால் நனைந்து ரோட்டோரமாக ஓடியது. அண்ணன் மனைவி அதைக் கையால் அணை கட்டித் தடுத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் நெல் என்ன ஆனது என்று மேற்கே திரும்பிப் பார்த்தேன். அங்கே வெயில் அடித்தது.

மழை பாதி ரோட்டில் நின்றுவிட்டிருந்தது. ரோட்டின் நடுவில் இருக்கும் சின்னப் பாலத்துக்கு இந்தப் பக்கம் தார் கறுப்பாகப் பளபளத்தது, அந்தப் பக்கம் வெளுத்துக் காய்ந்து கிடந்தது. நடுவில் கோடு கிழித்த மாதிரி ஒரு ஓரம். அந்தண்டை ரெஜினா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வெயிலில் நின்று எங்களைப் பார்த்தாள். ஜெனி நனைந்துகொண்டே போய், ஈரத்தில் ஒரு காலும் காய்ந்ததில் ஒரு காலுமாக நின்றாள்.

"அப்பா, முகம். பரீட்சைக்கு வர்றது நேர்லயே வந்துடுச்சு."

கோவிந்தராசு அண்ணன் மீசையில் வழிந்த தண்ணீரைத் துடைத்தார்.

"லீவு விட்டா மழை வராதுன்னு எவன்யா சொன்னது?"

"நீங்கதாண்ணே."

"நானா?" கொஞ்சம் யோசித்தார். "அப்ப சரி."

போகும்போது தார்ப்பாயைத் தட்டிப் பார்த்து, "நல்ல கனமா இருக்கு, எங்க வாங்கின?" என்று கேட்டார். என் தார்ப்பாய்களைப் பற்றி ஊரில் யாரும் அதுவரை மரியாதையாகக் கேட்டதில்லை.

வந்ததா, வரவில்லையா

மறுநாள் பள்ளிக்கூடம் உண்டு. வானம் மறுபடி இறங்கியிருந்தது. ஜெனியை விட்டுவிட்டு வந்தேன். கொஞ்ச நேரத்தில் இடி இடித்தது. ஒரே ஒரு இடிதான். இரண்டு குடையை எடுத்துக்கொண்டு, அவளைக் கூட்டிவரக் கிளம்பிவிட்டேன்.

வகுப்பு வாசலில் நின்றபோது உள்ளே சண்டை நடந்துகொண்டிருந்தது. ஜன்னலில் மூன்று கொட்டாங்கச்சி. நேற்று ஊரில் மழை வந்ததா இல்லையா என்பதுதான் சண்டை. கிழக்கே வீடுள்ளவர்கள் வந்தது என்றார்கள். மேற்கே உள்ளவர்கள் தங்கள் வாசல் தூசிகூட அடங்கவில்லை என்றார்கள்.

"சாட்சியே வந்துட்டாரு," என்றார் டீச்சர். "உள்ள வாங்க சார். மழை வந்துச்சா, வரலையா?"

நான் கரும்பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அதே சுவர், பலகைதான் புதுசு. ரோட்டில் கண்டதைச் சொன்னேன். பாலம் வரை வந்தது, பாலத்துக்கு மேற்கே வரவில்லை. இரண்டு கட்சியும் ஜெயித்ததாகக் கூச்சல் போட்டது. ஜெனி எழுந்து, ரோட்டில் வளிமுகத்தைப் பார்த்ததாகச் சொன்னாள்.

"அது வளிமுகம் இல்லம்மா, ஒரு மேகத்தோட ஓரம்," என்றார் டீச்சர். "பரீட்சைல அப்படி எழுதிடாத. ஆனா பாத்தல்ல, அது பெரிசு."

பிறகு மேசையிலிருந்து ஒரு கூழாங்கல்லை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இன்னைக்கி நீங்க போடுங்க சார்."

ஜன்னல் வழியே பார்த்தேன். வடக்கே கருக்கலாக இருந்தது. வேப்பமரம் ஆடியது. ஜெனி என் கையிலிருந்த இரண்டு குடையையும் பார்த்துவிட்டு, தன் பையை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். எதற்கு வந்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும்.

கல்லை மூன்றாவது கொட்டாங்கச்சிக்கு மேலே பிடித்தேன். வகுப்பே ஒன்றாகக் கேட்டது. "வரலாம்னா என்ன பண்ணுவீங்க?"

"சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போறேன்," என்றேன்.

கல் விழுந்த சத்தம் கேட்டது. இரண்டு குடையையும் ஜெனியின் பெஞ்சில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். மாதா கோயிலைத் தாண்டும்போது தூறல் பிடித்தது. நான் ஓடவில்லை.